அனாமத்துக் கணக்கு

போன மாதம் பக்கத்து வீட்டு மாமாவை ஸ்கேன் எடுக்க சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். திருவண்ணாமலைப் பக்கமாம். மடியில் மஞ்சப்பை, கையில் ஓ.பி. சீட்டு. ரொம்ப நேரமாக அண்ணாந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, ஆஸ்பத்திரி ஏன் இப்படி வட்டமா இருக்கு? சர்க்கஸ் கம்பெனிக்குக் கட்டினதா?"

"இல்லீங்கய்யா. சட்டசபைக்குக் கட்டினது."

"அதைத்தானே நானும் சொன்னேன்!"

சிரித்து முடித்துவிட்டு அடுத்த கேள்வி. "அப்ப அவங்கல்லாம் இப்ப எங்க உட்கார்றாங்க?"

"பழைய கோட்டையிலயேதான்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, கட்டினது யார் காசு? மாத்தினது யார் காசு?"

"ரெண்டும் உங்க காசுதான்யா."

"என் காசா? போ தம்பி. நான் எங்க வரி கட்டறேன்!"

அவரை அப்படியே விடக் கூடாது என்று என் பி.காம். புத்தி சொன்னது. அவர் சட்டைப் பையில் இருந்த செல்போனைக் காட்டி, "இதுக்கு எவ்வளவு ரீசார்ஜ் பண்றீங்க?" என்றேன். 299 ரூபாய் என்றார். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 45 ரூபாய் வரி. அவர் வந்த பஸ்ஸின் டீசலில் வரி. தேய்த்துக் குளித்த சோப்பில் வரி. வருமான வரி கட்டாதவர் உண்டு. வரியே கட்டாதவர் இந்த நாட்டில் யாருமில்லை. பிச்சை எடுக்கிறவர் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டிலும் அரசாங்கத்தின் பங்கு இருக்கிறது.

பெரியவர் முகம் மாறிவிட்டது. "அடப்பாவமே... அப்ப இதுக்கு யாராச்சும் கணக்குக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கய்யா. கமிஷன் வெச்சாங்க."

"கமிஷனா? எத்தனை பர்சன்ட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள் வாசகர்களே, அந்த மனுஷர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டார். விசாரணை செய்கிற கமிஷனுக்கும் கைநீட்டி வாங்குகிற கமிஷனுக்கும் அவரைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஒரு அரசாங்கத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்க முடியும்?

*

கதை தெரியாத இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓமந்தூரார் என்பவர் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். எளிமைக்கும் நேர்மைக்கும் பேர் போனவர். அவர் பெயர் தாங்கிய அரசு எஸ்டேட்டில்தான் 2008 நவம்பரில் புதிய சட்டசபை, தலைமைச் செயலக வளாகத்துக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தது ஒரு ஜெர்மன் நிறுவனம். 2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தார். விழா தேதி வந்துவிட்டது, ஆனால் மேலே நிஜமான கூரை தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டுத் தற்காலிகமாக ஒரு கூரையை செட் போட்டார்கள். செட்டுக்கும் பணம், அப்புறம் நிஜத்துக்கும் பணம்!

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதல்வரானார். புதிய சபை புதிய கட்டடத்தில் கூடவில்லை, திரும்பவும் ஜார்ஜ் கோட்டைக்கே போனது. அதே வருஷம் ஆகஸ்டில், வட்டக் கட்டடம் உயர் சிறப்பு மருத்துவமனையாகும் என்று அறிவிப்பு. 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனை நல்ல காரியம். தனியாரில் லட்சக்கணக்கில் கேட்கிற சிகிச்சைக்கு ஏழைகள் இங்கே வந்து போகிறார்கள். கொரோனா காலத்தில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. என் பக்கத்து வீட்டு மாமாவும் அங்கேதான் போகிறார். மருத்துவமனை வேண்டுமா என்பதல்ல என் கேள்வி. பல நூறு கோடி ரூபாயைக் கொட்டி, எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்து பேசுவதற்காகக் கட்டிய ஒரு கட்டடத்தை, நோயாளி படுக்கும் கட்டடமாக மாற்ற மறுபடியும் செலவு செய்தோமே, அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி.

கோட்டையில் இடம் போதாது என்பது ஒரு கட்சியின் கண்டுபிடிப்பும் அல்ல. 2003-ல் மெரினா கடற்கரையில் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட நினைத்தது அ.தி.மு.க. அரசு. மாணவிகள் விட்டுக்கொடுக்காமல் போராடியதால்தான் அது நின்றது. ஆக, புதுக் கட்டடம் வேண்டும் என்பதில் ரெண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் பெயர் கல்வெட்டில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இதில் பெரிய வேடிக்கை 2020-ல் நடந்தது. கொரோனா வந்தது. இடைவெளி விட்டு உட்கார வேண்டும். கோட்டையில் இடம் போதவில்லை. சட்டசபையை எங்கே கூட்டினார்கள்? அதே ஓமந்தூரார் எஸ்டேட்டில் இருக்கும் கலைவாணர் அரங்கத்தில்! சபைக்காகவே கட்டிய கட்டடத்தில் நோயாளிகள். பக்கத்து அரங்கத்தில் சட்டசபை. என்.எஸ்.கிருஷ்ணன் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு படம் முழுக்க சிரிக்க வைத்திருப்பார்.

*

2011-ல் நடந்தது இது ஒன்று மட்டும் இல்லை. சமச்சீர் கல்விக்காக சுமார் 200 கோடி ரூபாய் செலவில் பாடப் புத்தகங்கள் அச்சடித்துத் தயாராக இருந்தன. திட்டத்தைத் தள்ளிப்போட புதிய அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 9-ம் தேதி தீர்ப்பு வரும் வரைக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். அதே வருஷம் நவம்பரில், கோட்டூர்புரத்தில் திறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றதால் இன்றைக்கும் அது நூலகமாக இருக்கிறது.

உடனே ஒரு கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். 2020 டிசம்பரில் அ.தி.மு.க. அரசு 2,000 அம்மா மினி கிளினிக்குகளை அறிவித்துத் திறக்க ஆரம்பித்தது. 2021-ல் ஆட்சி மாறியது. 2022 ஜனவரியில் கிளினிக்குகள் மூடப்பட்டதாக தி.மு.க. அரசின் அமைச்சர் அறிவித்தார். அது ஒரு வருஷத்துக்கான தற்காலிக ஏற்பாடுதான் என்று காரணமும் சொன்னார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும். திறக்கும்போது போர்டு மாட்டிய செலவு, மூடும்போது கழற்றிய செலவு, நடுவில் அதனால் எத்தனை பேருக்குப் பலன் என்று ஒரே ஒரு பக்கம் கணக்கு எழுதி ஜனங்களுக்குக் கொடுத்திருக்கலாமே!

நம் வீட்டில் என்ன நடக்கும்? அண்ணன் போட்ட போர்வெல் மோட்டாரைத் தம்பி கழற்றி எறிந்துவிட்டு வேறு மோட்டார் வாங்குகிறான் என்று வையுங்கள். அப்பா சும்மா இருப்பாரா? "ஏன்டா, அது ஓடிக்கிட்டுத்தானே இருந்தது?" என்று ரெண்டு பேரையும் கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டிருக்க மாட்டாரா? இத்தனைக்கும் மத்திய அரசின் பொது நிதி விதிகளிலேயே இது இருக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் சொந்தப் பணத்தைச் செலவு செய்யும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அதே கவனத்தோடு பொதுப் பணத்தைச் செலவு செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு அதிகாரிக்கும் விதி. எழுதிய புண்ணியவான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். படிக்கத்தான் ஆளில்லை.

*

சரி, பெரியவர் கேட்ட கமிஷனுக்கு வருவோம்.

புதிய தலைமைச் செயலகம் கட்டியதில் முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க 2011-ல் கமிஷன் போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.ரகுபதி அதன் தலைவர். அலுவலகம், ஊழியர்கள், கார், சம்பளம் எல்லாம் வந்தன. நடுவில் நீதிமன்றம் விசாரணைக்குத் தடை போட்டது. தடை வருஷக்கணக்கில் நீடித்தது. விசாரணை நின்றது. செலவு நின்றதா? அதற்கு யாரும் தடை வாங்கவில்லையே! 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் சுமார் நாலு கோடி ரூபாய் கரைந்திருந்தது. நீதிபதி விலகினார். ஆவணங்களை லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்ப அரசு முடிவெடுத்தது. இறுதி அறிக்கை? வரவே இல்லை.

புரிகிறதா? பணம் வீணானதா என்று கண்டுபிடிக்கப் போட்ட கமிஷனுக்கே ஏழு வருஷம், நாலு கோடி. முறைகேடு நடந்தது என்றும் சொல்லவில்லை. நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் இல்லை, குற்றம் சாட்டியவருக்கும் நிரூபணம் இல்லை. காசு கொடுத்த நமக்கு ரசீதுகூட இல்லை.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பரில் லிபரான் கமிஷன் அமைத்தபோது கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அறிக்கை வந்தது 2009 ஜூனில். 48 தடவை நீட்டிப்பு, சுமார் எட்டு கோடி ரூபாய் செலவு. ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க 2017-ல் ஆறுமுகசாமி கமிஷனுக்கும் முதலில் கொடுத்தது மூன்று மாதம்தான். உச்ச நீதிமன்றத் தடையில் ரெண்டு வருஷத்துக்கு மேல் போனது உண்மை. ஆனாலும் அறிக்கை கைக்கு வர 2022 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அரசாங்க பாஷையில் 'மூன்று மாதம்' என்றால் என்ன அர்த்தம் என்று யாராவது அகராதியில் சேர்த்தால் நல்லது.

இத்தனை செலவு செய்து வருகிற அறிக்கைக்கு என்ன பலம் தெரியுமா? 1952-ம் வருஷத்து விசாரணைக் கமிஷன்கள் சட்டப்படி, கமிஷன் யாரையும் தண்டிக்க முடியாது. அதன் சிபாரிசை ஏற்க வேண்டும் என்று அரசுக்குக் கட்டாயமும் கிடையாது. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு சபையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கணக்குத் தணிக்கையாவது பதில் சொல்லுமா? சி.ஏ.ஜி. என்ற அமைப்பை அரசியல் சட்டமே உருவாக்கி வைத்திருக்கிறது. அவர்களின் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள், துப்பறியும் நாவல் தோற்றுப் போகும். எங்கே கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, எங்கே இயந்திரம் பிரிக்காமலே துருப்பிடித்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் அது போஸ்ட்மார்ட்டம். நோயாளி போய் ரெண்டு மூன்று வருஷம் கழித்து வரும். பல தடவை சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேஜையில் வைப்பார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி. அதற்கடுத்த நாள் வேறு செய்தி.

*

பி.காம். முதல் வருஷம். எங்கள் அக்கவுண்ட்ஸ் வாத்தியார் இருப்பாய்வு போடச் சொன்னார். பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். எனக்கு 430 ரூபாய் உதைத்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. பக்கத்து பெஞ்ச் நண்பன் கையைக் காட்டினான்: "அனாமத்துக் கணக்குன்னு எழுதி அந்த 430-ஐப் போட்டுடுடா. டேலி ஆயிடும்." போட்டேன். டேலி ஆகிவிட்டது! பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அனாமத்துக் கணக்கு தப்பில்லைப்பா. ஆனா அது வெயிட்டிங் ரூம். அங்கயே குடித்தனம் பண்ணக் கூடாது. தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சு அதைக் காலி பண்ற வரைக்கும் உன் கணக்கு முடியலை."

நம் அரசாங்கங்கள் செய்வது அதைத்தான். கேள்வி எழுந்ததா? கமிஷன் போடு. எதிர்க்கட்சி கத்துகிறதா? கமிட்டி போடு. பார்ப்பதற்குக் கணக்கு டேலி ஆன மாதிரி இருக்கும். ஆனால் கேள்வி வெயிட்டிங் ரூமிலேயே குடித்தனம் பண்ணிக் கிழவியாகிவிடும். ஓமந்தூரார் வட்டக் கட்டடத்தின் கேள்வி இன்னும் அனாமத்திலேயே கிடக்கிறது.

பணம் வீணானதைக்கூட ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். நாமும் வீட்டில் தண்டச் செலவு செய்கிறவர்கள்தானே. உபயோகப்படாத டிரெட்மில்லில் துணி காயப் போடாத வீடு உண்டா? ஜனங்களால் மன்னிக்க முடியாதது பதிலே வராமல் இருப்பதை. பதில் வராத ஒவ்வொரு கேள்வியும் அவநம்பிக்கையாக மாறுகிறது. அந்த அவநம்பிக்கைதான் பெரியவர் வாயில் "எத்தனை பர்சன்ட்டு?" என்று வந்து விழுந்தது.

இங்கேதான் உங்களோடு, என்னோடும் சேர்த்து, ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

"எல்லாரும் திருடனுங்க சார், யார் வந்தாலும் இதே கதைதான்." டீக்கடையில் இதைச் சொல்லாதவர் யார்? நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் ஒரு நிம்மதி வரும், கவனித்திருக்கிறீர்களா? கடமை முடிந்த மாதிரி. ஆனால் இந்த வசனத்தால் யாருக்கு லாபம்? எல்லாரும் திருடன் என்றால் நிஜமான திருடனுக்குத் தனி அவமானம் இல்லை. நேர்மையாக ஃபைல் பார்க்கிற அதிகாரிக்குத் தனி மரியாதையும் இல்லை. விரயம் செய்கிறவருக்கு நம் அவநம்பிக்கையைப் போல வசதியான பாதுகாப்பு வேறு கிடையாது. நம்பாதவன் கேள்வி கேட்க மாட்டான். தேர்தல் நேரத்தில் கவரை வாங்கிக்கொண்டு, "நம்ம காசுதானே, திரும்பி வருது" என்று போய்விடுவான். நம் காசில் ஐந்நூறு திரும்பி வருகிறது, சரி. மிச்சம்?

ஆடிட்டிங் படித்தவர்களுக்கு ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு ஞாபகம் இருக்கும். 1896-ல் வந்த தீர்ப்பு. தணிக்கையாளர் காவல் நாயாக இருந்தால் போதும், வேட்டை நாயாக இருக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். நமக்கும் அது போதும். எல்லாரையும் கடித்துக் குதற வேண்டாம். ஆனால் ராத்திரி சத்தம் கேட்டால் குரைக்கவாவது வேண்டாமா?

குரைப்பதற்கு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். உங்கள் தெருவில் போன வருஷம் போட்ட ரோட்டை இந்த வருஷம் ஏன் தோண்டினார்கள், போட்டது எவ்வளவு, தோண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவு வாசிக்கும்போது டீ குடிக்க எழுந்து போகாதீர்கள். சி.ஏ.ஜி. அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆட்சியில் இருப்பவர்களிடம், அது எந்தக் கட்சியானாலும், கேட்க மூன்றே விஷயம். ஒன்று, முந்தைய அரசின் திட்டத்தை நிறுத்துவதற்கு முன்னால், நிறுத்துவதால் ஆகும் நஷ்டத்தை எழுத்தில் சபை முன்னால் வையுங்கள். ரெண்டு, கமிஷன் போடும்போதே அதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்று உச்சவரம்பு போடுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் சபையில் காரணம் சொல்லி ஓட்டு வாங்குங்கள். மூன்று, விசாரணை நீதிமன்றத்தில் நிற்கும்போது காரும் அலுவலகமும் சேர்ந்து நிற்கட்டும். இதில் எதற்கும் புதிதாகப் பணம் தேவையில்லை. அதனால்தான் யாருக்கும் ஆர்வம் இல்லையோ என்னவோ!

*

ஸ்கேன் முடிந்து மாமா வெளியே வந்துவிட்டார். கிளம்பும்போது பெரியவர் பெயரையும் கூப்பிட்டார்கள். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ரெண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அந்த நாப்பத்தஞ்சு ரூவா... மாசா மாசமா போவுது?"

"மாசா மாசம்தான்யா."

"அப்ப நான் கேக்கலாம்ங்கிற?"

"தாராளமா கேக்கலாம்."

வட்டக் கட்டடத்தை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை வேடிக்கை பார்க்கிற மாதிரி தெரியவில்லை. சொந்த நிலத்தில் பக்கத்து வயல்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறானா என்று அளந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.